முன்சக்கரம் மோதி விழுந்த சைக்கிள்: ஃபிரேம் பழுதாகவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

கேள்வி
எழுதியவர்: கோவளம்வழி

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிகளில் சைக்கிள் ஓட்டுபவன் நான். சென்ற ஞாயிறன்று வெளிச்சம் வருவதற்கு முன்பே, முட்டுக்காட்டுப் பாலத்தைக் கடந்து கோவளம் திருப்பத்தை நெருங்கும்போது, சாலையில் கிடந்த கான்கிரீட் துண்டொன்றில் முன்சக்கரம் நேராக மோதியது. சக்கரம் அப்படியே நின்றுவிட, நான் ஹேண்டில்பாரோடு சேர்ந்து வலப்புறமாக விழுந்தேன். எனக்குச் சிராய்ப்புகளோடு போயிற்று. தலைக்கவசம் தரையில் பட்டதால் அதை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கிவிட்டேன். கவலையெல்லாம் சைக்கிளைப் பற்றித்தான்.

ஃபிரேம் 6061 ரக அலுமினியம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கால்கள் கார்பன் இழை, அதன் மேல்தண்டு அலுமினியம். பிரேக் ரிம்மைப் பிடிக்கும் வகை. விழுந்த பிறகு நான் கண்டவை இவை: முன் ரிம் கோட்டமாகிவிட்டது. வலப்பக்க பிரேக் லீவர் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. செயினைப் பல்சக்கரங்களுக்கிடையே நகர்த்தும் பின் டெரெய்லர், கியர் மாற்றும்போது சரியாக ஏறி இறங்காமல் சடசடக்கிறது. மேல்குழாயான டாப் ட்யூபில் சிறிய ஒடுக்கு ஒன்று விழுந்திருக்கிறது. ஃபோர்க்கின் மேல்தண்டு செருகியிருக்கும் முன்குழாயான ஹெட் ட்யூபுக்குச் சற்றுப் பின்னால், அங்கிருந்து பெடல் அச்சுக்குச் சாய்ந்திறங்கும் டவுன் ட்யூபின் அடிப்புறத்தில், பெயின்டில் குறுக்காக ஒரு மெல்லிய கோடு தெரிகிறது.

முதலில் காட்டிய கடையில் ரிம்முக்குக் கோட்டம் எடுத்துக் கொடுத்து, ஃபிரேமைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, அது வெறும் பெயின்ட் கோடுதான், தாராளமாக ஓட்டலாம் என்றார்கள். இரண்டாவது கடையில் பார்த்த மாத்திரத்தில் முழுச் சைக்கிளையும் மாற்றச் சொன்னார்கள். இரு கடைகளிலுமே அளவுகோலை யாரும் கையில் எடுக்கவில்லை என்பதால் எந்தப் பேச்சை நம்புவதென்று எனக்குத் தெரியவில்லை. வீட்டிலேயே நம்பகமாகச் செய்யக்கூடிய சோதனைகள் எவை? பெயின்ட் விரிசலையும் உலோக விரிசலையும் எப்படிப் பிரித்தறிவது? எந்த அறிகுறியைக் கண்டால் அந்த ஃபிரேமைக் கைவிட வேண்டும்?

மறுமொழி
எழுதியவர்: நூல்பிடி

முடிவு தெரியும்வரை அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள். தெருமுனை வரைக்கும்கூட வேண்டாம். பின்பகுதியில் ஏதேனும் உடைந்தால் பெரும்பாலும் வண்டியை நிறுத்திவிட அவகாசம் கிடைக்கும். ஃபோர்க்கோ ஹெட் ட்யூப் மூட்டோ உடைந்தால் முகம்தான் முதலில் தரையில் படும்.

கீறல் விழுந்த இடமும் பழுது விழுந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். ஆகவே மோதிய விசை எந்த வழியாகப் போயிற்று என்று முதலில் யோசிக்க வேண்டும். நின்ற நிலையிலோ திருப்பத்தில் வழுக்கியோ பக்கவாட்டில் சாயும் சைக்கிளில் லீவர், பெடல், டெரெய்லர் ஆகியவை அடி வாங்கும். ஃபிரேமின் முன்பகுதிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. உங்களுக்கு நடந்தது வேறு. சக்கரம் நின்றுவிட்டது, உங்கள் எடையோ முன்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அந்த நொடியில் ஃபோர்க் ஒரு நெம்புகோலாகி ஹெட் ட்யூபின் கீழ்முனையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை வாங்குபவை ஹெட் ட்யூபை ஒட்டிய டவுன் ட்யூபும் டாப் ட்யூபும். நசுங்கிப் புடைப்பது அவற்றின் அடிப்புறம். நீங்கள் கோடு கண்ட இடம் துல்லியமாக அந்த இடமாக இருப்பதால், கையால் அழுத்திப் பார்த்துச் சொன்ன தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

சோதிப்பதற்கு முன் இரண்டு சக்கரங்களையும் கழற்றி, ஃபிரேமை மிதமான சோப்பு நீரில் கழுவி, முற்றிலும் உலர விடுங்கள். பின்னர் அறையை இருட்டாக்கி, செல்பேசி விளக்கைக் குழாயின் மேல் படிந்தாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்துவிடும் புடைப்பும் பள்ளமும் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் காட்டும். விரல்நுனியால் குழாயின் அடிப்புறத்தை ஹெட் ட்யூபிலிருந்து பின்னோக்கி மெதுவாகத் தடவுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் விரலுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதே இடத்தில் 30 சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேலைக் குழாயின் நீளவாக்கில் வைத்து, ஸ்கேலுக்கும் குழாய்க்கும் இடையில் வெளிச்சம் கசிகிறதா, ஸ்கேல் ஊசலாடுகிறதா என்று பாருங்கள். இக்காலத்து அலுமினியக் குழாய்கள் பலவற்றில் வடிவத்திலேயே வளைவு இருக்கும். ஆதலால் அதே மாடலின் பழுதில்லாத சைக்கிள் ஒன்றை அருகில் வைத்து ஒப்பிடுவதே நல்லது.

அடுத்தது நூல் சோதனை. பின்சக்கர அச்சு உட்காரும் இடது டிராப் அவுட்டில் மெல்லிய நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹெட் ட்யூபைச் சுற்றி, மறுபக்கமாகத் திருப்பிக் கொண்டுவந்து வலது டிராப் அவுட்டில் அதே இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். இருக்கையைத் தாங்கும் சீட் ட்யூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்; ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு பொருட்டல்ல. இந்தச் சோதனையை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள், நானும் செய்யச் சொல்கிறேன். ஆனால் இது இடவலக் கோணலை மட்டுமே காட்டும். நேர்மோதலில் வளைவு மேலும் கீழுமாக விழுகிறது. நூலோ அதைக் கவனிக்காமல் இருபுறமும் ஒரே அளவைக் காட்டிக்கொண்டிருக்கும். நூல் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக நிம்மதி அடைந்து, முகப்பு வளைந்த ஃபிரேமை ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நிலைமைக்குப் பொருத்தமான அளவு வேறொன்று. முன்சக்கரத்தை மீண்டும் மாட்டி, நேராக நிறுத்தி, பெடல் கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து முன்சக்கர அச்சின் நடுவரை உள்ள தூரத்தை இருபுறமும் அளந்து பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு அளவு ஃபிரேமுக்கும் அளவுப் பட்டியல் தருகின்றன. அதில் இந்தத் தூரமோ, இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையிலான தூரமோ இருக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவதை அளவுப் பிழையாகக் கொள்ளலாம். அதற்கு மேல் குறைந்தால் ஃபோர்க்கோ ஃபிரேமோ பின்னுக்கு வளைந்திருக்கிறது என்று பொருள்.

ஃபோர்க்கைக் கழற்றாமல் இந்த வேலை முடியாது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை அவிழ்த்து, ஃபோர்க்கை முழுமையாக வெளியே எடுங்கள். மேல்தண்டு ஃபோர்க்கின் தோளோடு சேரும் இடம், கீழ் பேரிங் உட்காரும் இடம், ஸ்டெம் இறுக்கிப் பிடிக்கும் இடம் ஆகிய மூன்றும் முக்கியமானவை. கார்பன் கால்களின் மேல் பஞ்சை மெல்ல இழுத்துச் செல்லுங்கள். எங்கேனும் இழை சிக்கினால் அங்கே உடைப்பு இருக்கலாம். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல ஒரு நாணயத்தால் இரண்டு கால்களையும் ஒரே உயரத்தில் தட்டி ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் மந்தமாகவும் ஒலித்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்க வாய்ப்புண்டு. இரண்டும் ஒன்றாக ஒலித்தாலும் அதை நற்சான்றாகக் கொள்ள முடியாது; கார்பன் வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே பிரிந்திருக்கலாம். முன்மோதலைத் தாங்கிய கார்பன் ஃபோர்க்கை, கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுவதே என் கருத்து.

டாப் ட்யூபின் ஒடுக்கு, விழும்போது ஹேண்டில்பார் சுழன்று இடித்ததால் வந்ததாக இருக்கும். குழாயின் நடுப்பகுதியில், விளிம்பு மடியாமல், வழவழப்பாக இருக்கும் சிறு ஒடுக்கைக் கண்காணித்துக்கொண்டே ஓட்டலாம். கூரிய மடிப்பு விழுந்திருந்தாலோ வெல்டிங்கை ஒட்டி இருந்தாலோ ஓட்டக் கூடாது.

மறுமொழி
எழுதியவர்: உலைக்களம்

கோவையில் வெல்டிங் செய்த பாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். கேள்வியில் உள்ள பெயின்ட் விரிசல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெயின்டுக்கு உலோகத்தின் அளவுக்கு நீளும் குணம் கிடையாது. அடியில் இருக்கும் உலோகம் நீண்டாலோ, நசுங்கினாலோ, மடிந்தாலோ பெயின்ட் முதலில் பிளந்துவிடும். அதனால் கல் தெறித்துப் பெயர்ந்த பெயின்டை ஒதுக்கிவிடலாம். ஆனால் குழாய்க்குக் குறுக்காக, வெல்டிங்குக்கு இணையாக ஓடும் கோடு தானாக வருவதில்லை. உலோகம் பிளக்காமலே இருக்கலாம், அது அசைந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கோடு சாட்சி.

உலோகமும் பிளந்திருக்கிறதா என்று அறிய, கோட்டைச் சுற்றி ஒரு சிறு பகுதியில் மட்டும் பெயின்டை நீக்க வேண்டும். முரட்டு உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் மென்மையான அலுமினியம் விரிசலின் வாயை மூடிவிடும் என்பதால், பெயின்ட் நீக்கும் திரவத்தைப் பயன்படுத்துங்கள். பிறகு டை பெனிட்ரண்ட் சோதனை செய்யலாம். துப்புரவுத் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளைத் தெளிப்பு என மூன்று தெளிப்பான்களாக இது தொழிற்பேட்டைக் கடைகளில் கிடைக்கிறது. சாயத்தைத் தெளித்துப் பத்து முதல் இருபது நிமிடம் ஊறவிட்டு, மேற்பரப்பை நன்றாகத் துடைத்து, வெள்ளையைத் தெளித்தால், விரிசலுக்குள் இறங்கிய சாயம் சிவப்புக் கோடாக மேலே ஊறி வரும். மேற்பரப்பில் திறந்திருக்கும் விரிசலை மட்டுமே இது காட்டும். காந்தத் துகள் சோதனை அலுமினியத்தில் வேலை செய்யாது. கார்பன் ஃபோர்க்கின் பக்கம் இந்தத் திரவங்களைக் கொண்டுபோக வேண்டாம்.

விரிசல் தெரிந்தால், அதை வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று யாரேனும் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். 6061 அலுமினியம் தன் வலிமையை வெப்பப் பதனத்தால் பெறுகிறது. ஆலையில் ஃபிரேமை வெல்டிங் செய்த பிறகு, ஏறத்தாழ 530 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மீண்டும் 170, 180 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்து டி6 எனப்படும் நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். பட்டறையில் வெல்டிங் சூடு பட்டதும் அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் இந்தப் பதனத்தை இழந்து, வலிமையில் கிட்டத்தட்ட பாதிக்கு இறங்கிவிடும். ஒட்டு பார்க்க அழகாக இருக்கும், அதற்கு அடுத்த சென்டிமீட்டரில் உடையும். முழு ஃபிரேமையும் மறுபடி பதனிடும் வசதி உள்ளவர்களிடம் மட்டுமே இந்தப் பேச்சுக்கு இடமுண்டு.

இன்னொன்று: எஃகுக்கு ஒரு சோர்வு எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே இருக்கும் சுமையை எத்தனை முறை கொடுத்தாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சிறிய விரிசலோ மடிப்போ இருந்தால், சாலையின் ஒவ்வோர் அதிர்வும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொண்டே போகும். இன்று தாங்கியது என்பதை நாளைக்கு உத்தரவாதமாகக் கொள்ள முடியாது.

மறுமொழி
எழுதியவர்: அம்பத்தூர் எஃகு

மேலே இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியைத் தேடி வருபவர்களில் எஃகு ஃபிரேம் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள் என்பதால், அவர்கள் அவசரப்பட்டு நல்ல ஃபிரேமைத் தூக்கி எறிந்துவிடக் கூடாதென்று இதை எழுதுகிறேன்.

1949-இல் நிறுவப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ் ரோட்ஸ்டர் என் தந்தையார் ஓட்டியது. இன்றும் என்னிடம் ஓடுகிறது. அந்த வகைச் சைக்கிள்களில் குழாய்களை லக் எனப்படும் மூட்டுகளுக்குள் செருகி, பித்தளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். எஃகு வளைந்தால், மடிப்போ விரிசலோ இல்லாதபட்சத்தில், சூடாக்காமலே மெதுவாக நிமிர்த்தலாம். பழைய ரோடு சைக்கிள்களின் பின்கால்களை 126 மில்லிமீட்டரிலிருந்து 130-க்கு விரித்துப் புதிய சக்கரம் மாட்டுவது உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. நம் ஊர்க் கடைகளில் ஃபோர்க்குக்குப் பெண்டு எடுப்பது இந்த எஃகை நம்பி வளர்ந்த தொழில். அந்தக் கைவேலையை நான் மதிக்கிறேன். அதே கையோடு அலுமினியத்தை நிமிர்த்த முற்படும்போதுதான் ஆபத்து வருகிறது. அலுமினியம் வளையும்போது பாதி உயிரை விட்டுவிடும், நிமிர்த்தும்போது மீதியையும் விடும்.

எஃகில் விரிசலைத் துருவே காட்டிக்கொடுக்கும். கடலோரத்தில் ஓட்டுபவர்கள் விழுந்து சில வாரங்கள் கழித்து மறுபடி பாருங்கள். பெயின்டில் செம்பழுப்புக் கோடு மெல்லியதாகக் கசிந்திருந்தால் அதற்கடியில் பிளவு இருக்கிறது.

டெரெய்லர் விஷயத்துக்கு வருகிறேன். அது தொங்கும் ஹேங்கர் என்ற சிறு துண்டு, வலப்புறம் விழும்போது உள்நோக்கி வளையும். பெரும்பாலான அலுமினிய ஃபிரேம்களில் அது கழற்றி மாற்றக்கூடிய தனித் துண்டு. ஃபிரேமைக் காப்பாற்றுவதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். சைக்கிளைப் பின்னாலிருந்து பார்த்து, டெரெய்லரின் இரு சிறு உருளைகளும் பல்சக்கரத்துக்கு நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். அது வளைந்திருக்கும்போது மிகப்பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை ஏற்றாதீர்கள். டெரெய்லர் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கினால் ஹேங்கர், டெரெய்லர், கம்பிகள் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். பெரும்பாலான ஹேங்கர்களின் துளையில் 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் புரியும் உள்ளன. அதே அளவுப் புரிகொண்ட அச்சுள்ள பழைய பின்சக்கரம் ஒன்றைக் கடையில் வாங்கி அதில் திருகினால், இரண்டு ரிம்களுக்கும் இடையே உள்ள தூரம் சுற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தே கோணலைக் கண்டுபிடித்துவிடலாம். சுற்றிலும் 4 மில்லிமீட்டருக்குள் வேறுபட்டால் கியர் ஒழுங்காக விழும்.

மறுமொழி
எழுதியவர்: கோவளம்வழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்தேன்.

நூல் சோதனையில் இருபுறமும் அரை மில்லிமீட்டருக்குள் ஒன்றாக இருந்தன. நூல்பிடி அவர்கள் எச்சரிக்காவிட்டால் அதோடு நிறுத்தியிருப்பேன். பெடல் அச்சிலிருந்து முன்சக்கர அச்சுவரை, நிறுவனத்தின் பட்டியலில் 587 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. எனக்கு இருபுறமும் 576 கிடைத்தது. ஃபோர்க்கைக் கழற்றி மேல்தண்டில் ஸ்கேல் வைத்தேன், அது நேராகவே இருக்கிறது. கார்பன் கால்களில் பஞ்சு எங்கும் சிக்கவில்லை, இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. டவுன் ட்யூபின் அடியில் ஸ்கேலை வைத்தபோது, கோடு இருக்கும் இடத்தில் அது ஊசலாடியது. முனைகளில் வெளிச்சம் தெரிந்தது. அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் சைக்கிளில் வைத்தபோது ஸ்கேல் அசையாமல் உட்கார்ந்தது.

பெயின்டை நீக்கி, ஒரு பட்டறையில் டை பெனிட்ரண்ட் சோதனையும் செய்யச் சொன்னேன். சிவப்புக் கோடு எதுவும் வரவில்லை. ஆக, விரிசல் இல்லை, ஆனால் புடைப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட ஃபிரேமைக் கவனித்துக்கொண்டே சில காலம் ஓட்ட முடியுமா, அல்லது கைவிடத்தான் வேண்டுமா? கைவிட்டால் மற்ற பாகங்களில் எவற்றை வைத்துக்கொள்ளலாம்?

மறுமொழி
எழுதியவர்: நூல்பிடி

இவ்வளவு பொறுமையாக அளந்து எழுதியதற்கு நன்றி. அளவுகளே பதிலைச் சொல்லிவிட்டன: ஃபிரேமைக் கைவிட வேண்டும்.

ஃபோர்க் நேராக இருந்தும் முன்சக்கரம் 11 மில்லிமீட்டர் பின்னுக்கு வந்திருக்கிறதென்றால், ஹெட் ட்யூப் சாய்ந்திருக்கிறது. ரோடு சைக்கிள் ஃபோர்க்கின் நீளம் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர்; ஹெட் ட்யூப் ஒன்றரை டிகிரி சாய்ந்தாலே அச்சு இருக்கும் முனையில் அது ஒரு சென்டிமீட்டராக வெளிப்படும். ஒன்றரை டிகிரியைக் கண்ணால் யாராலும் பிடிக்க முடியாது என்பதால் முதல் கடைக்காரர் வேண்டுமென்றே தவறாகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. விரிசல் இல்லை என்ற அளவில் அவர் சொன்னது உண்மையும்கூட. ஆனால் சுவர் மெல்லிய குழாய் ஒருமுறை புடைத்துவிட்டால், அதன்பின் வரும் சுமையெல்லாம் அந்தப் புடைப்பிலேயே குவியும். அலுமினியத்துக்குச் சோர்வு எல்லை இல்லை என்று உலைக்களம் அவர்கள் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இன்று இல்லாத விரிசல் நாளை தோன்றப்போகும் இடம் அதுதான். கண்காணித்துக்கொண்டே ஓட்டும் யோசனை, விரிசல் மெதுவாக வளரும் இடங்களுக்குத்தான் பொருந்தும். ஹெட் ட்யூபின் அருகே அந்த நம்பிக்கையை வைக்கக் கூடாது.

நிறுவனத்தின் உத்தரவாதம் விபத்துக்குப் பொருந்தாது. எனினும் சில நிறுவனங்கள் விபத்தில் சேதமான ஃபிரேமுக்கு மாற்று ஃபிரேமைச் சலுகை விலையில் தருகின்றன. வாங்கிய ரசீதோடு விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

பாகங்களைப் பொறுத்தவரை, பின்சக்கரம், கிராங்க், செயின், பிரேக்குகள், சீட் போஸ்ட் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். பெடலைக் கையால் சுற்றி, அச்சு தள்ளாடுகிறதா என்று பாருங்கள். முன் ரிம்மைக் கோட்டம் எடுத்த பிறகு எல்லாக் கம்பிகளும் ஏறத்தாழ ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சில கம்பிகள் மட்டும் மிகவும் தளர்ந்தும் மற்றவை விறைத்தும் இருந்தால் ரிம் வளைந்துவிட்டது, அதைப் பயன்படுத்த வேண்டாம். ஹேண்டில்பாரையும் ஃபோர்க்கையும் புதிதாக வாங்குங்கள். உங்கள் ஃபோர்க் எல்லாச் சோதனைகளிலும் தேறியிருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது. ஆயினும் ஒரு ஃபிரேமையே வளைக்கும் விசை அதன் வழியாகத்தான் போயிருக்கிறது.

ஃபிரேமைப் பழைய சாமான் கடைக்குப் போடுவதற்கு முன், புடைப்பு இருக்கும் இடத்திலேயே டவுன் ட்யூபை இரும்பு அறுக்கும் ரம்பத்தால் குறுக்காக அறுத்துவிடுங்கள், ஃபோர்க்கின் காலையும் அப்படியே செய்யுங்கள். முழுதாகக் கொடுத்தால் யாரோ ஒருவர் பெயின்ட் அடித்து விற்றுவிடுவார். அதை வாங்கும் பிள்ளைக்கு இந்தப் பக்கத்தில் எழுதிய எதுவும் தெரிந்திருக்காது.